கடனட்டையும் கற்பூரமும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வங்கிச் சுற்றறிக்கை வாசிக்கத் தெரியும், வட்டி கணக்கிடத் தெரியும். அவற்றை நான் சொல்லித்தரப் போவதில்லை. நோயில் விழுந்து எழுந்த ஒரு மனிதரிடம் கடனை எப்படி வசூலித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

நம்முடைய கடன் ஆலோசனை நிலையம் அப்போது எஹலியகொட பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது. அதற்கு முன் நான் ஒரு தமிழ்த் தினசரிக்கு மாவட்டச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்கும் பழக்கம் அங்கே வந்தது. கடன்பட்டவர் முன்னால் உட்கார்ந்ததும் தொகையைக் கேட்கத்தான் உங்களுக்குக் கை பரபரக்கும். தொகை எங்கும் ஓடிவிடாது. மற்றவற்றை முதலில் கேளுங்கள்.

போர் மறுபடியும் மூண்டிருந்த நேரம். அவிசாவளைக்குப் போகும் பஸ்ஸிலிருந்துகூட ஆட்களை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை, டயர் கடைப் படியில் ஒருவர் இரண்டு இடத்தில் நின்று நின்று மேலே வந்தார். பெயர் சிவலிங்கம். நகரத்துக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் ஃபெக்டரி கிளாக்கர். ஐம்பதைத் தொடும் வயது. பின்னால் அவருடைய மனைவி மனோன்மணி, அவர் விழுந்தால் பிடிப்பதற்குத் தயாரான கையோடு.

அவருடைய கதை நீங்களும் நாளைக்குக் கேட்கப் போகிற கதைதான். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் தோட்டத்து ஸ்டாஃப் கிளப்புக்கு வந்து, நிரந்தரச் சம்பளம் உள்ளவர்களுக்கெல்லாம் கடனட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அட்டை வெகுகாலம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. பிறகு சிவலிங்கத்துக்கு நெஞ்சுவலி வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இருதயத்துக் குழாயில் அடைப்பு, உள்ளே வலைக்குழாய் வைக்க வேண்டும், கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர நாளாகும் என்றார்கள். நாளாகும் என்ற சொல்லைக் கேட்டதும் மனோன்மணி அலுமாரியைத் திறந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் அந்த அட்டையைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு பாதிச் சம்பள லீவு, அடுத்து சம்பளமில்லாத லீவு, அப்புறம்தான் மறுபடி ஃபெக்டரி வேலை.

"மாசாமாசம் கட்டினேன் மிஸ்," என்றார் சிவலிங்கம். "ஒரு மாசங்கூட விடல. பேங்க் பில்லுல இவ்வளவு கட்டணும்னு போட்டிருப்பாங்கல்ல, அதை அப்படியே கட்டினேன்."

"கடன் குறைஞ்சதா?"

"கூடிச்சு," என்றார் மனோன்மணி.

இங்கே கவனியுங்கள். இது தோட்டத்தில் வாழ்ந்தவர் செய்யும் தவறு. தோட்டத்தில் எல்லாமே சம்பளத்தில் கழியும். அரிசி, மா, கோயில் காசு, மரணச் சங்கம், பண்டிகை முற்பணம், எல்லாவற்றையும் ஒஃபிஸே கழித்துவிடும். கழித்தால் கடன் அந்த அளவுக்கு இறங்கியே ஆக வேண்டும். பிறர் சம்பளத்தில் அப்படிக் கழித்துக் கழித்தே இருபது வருடம் வேலை பார்த்தவர் சிவலிங்கம். வங்கி 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று போட்டதை அவர் அந்த மாதத்துக் கழிவு என்று எடுத்துக்கொண்டார். அது வட்டிக்கே போதாது, அசல் அசையாமல் கிடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அட்டையை விற்க மலையேறி வந்தவருக்கு அதைச் சொல்ல நேரம் இருந்திருக்கும்.

நான் எங்களுடைய வழக்கமான வரிசையைச் சொன்னேன். முதலில் மருந்து, சாப்பாடு, வெளிச்சம், பிள்ளையின் படிப்பு. அட்டை கடைசி. அட்டைக் கடனுக்கு ஈடு இல்லை, பிணை இல்லை, ஆகவே அதை அடைக்க ஈடும் பிணையும் கேட்கிற வேறு கடனுக்குப் போகக் கூடாது. வைத்தியச் சான்றிதழோடு வங்கிக்கு எழுதுவோம், வட்டியை நிறுத்தச் சொல்வோம், அசலைக் குறைத்துத் தவணையில் கட்டப் பேசுவோம். வங்கி மறுத்தால் வழக்குப் போடட்டும், மாவட்ட நீதிமன்றத்தில் வருமானத்தைக் காட்டித் தவணை கேட்கலாம்.

சிவலிங்கம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். செய்யமாட்டேன் என்பவர்களும் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

"மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கிறேன்."

"மிஸ்," என்றார் மனோன்மணி, "இவரு மாத்திரையைப் பாக்குவெட்டியில வெட்டுறாரு."

கிளினிக்கில் மற்ற மருந்துகள் கிடைத்தன. இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் வெளியில் வாங்க எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் வைத்த குழாய் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் தோட்டத்திலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காது என்று இரத்தினபுரி டொக்டர் இருவர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரையைத்தான் அவர் பாதியாக வெட்டினார். அப்புறம் அந்தப் பாதியையும் ஒருநாள் விட்டு ஒருநாள். மிஞ்சிய காசு வங்கிக்குப் போனது.

"பாதின்னாலும் மருந்து மருந்துதானே மிஸ்," என்று சிரித்தார் சிவலிங்கம்.

"ஆமா, பாதி உசுரு போதும் இவருக்கு," என்றார் மனோன்மணி. "மீதிப் பாதியை பேங்க்குக்குக் கட்டிடுவாரு."

நான் சொன்ன வரிசை அவருக்குப் புரிந்துதான் இருந்தது, மரியாதையாகப் பேசுகிறார், கணக்கு எழுதுகிறவர். இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "வசூலுக்கு யார் வந்தாங்க, எங்கே நின்னு பேசினாங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

வங்கி நேரே வரவில்லை. வசூலிப்பதை ஒரு கம்பனிக்குக் கொடுத்திருந்தது. கம்பனி, தோட்டங்களுக்கென்று தமிழ் பேசும் ஓர் ஆளை வைத்திருந்தது. அவன் பெயர் குமார். பக்கத்து டிவிஷனில் ரப்பர் பால் வெட்டுகிற குடும்பத்துப் பிள்ளை. வசூலில் அவனுக்குப் பங்கு. வீட்டுக்கு வந்தால் ஒரு குடும்பம்தான் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே பால் நிறுக்கும் நேரத்தில், வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, ஃபெக்டரி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சத்தமாகக் கேட்பான்: "கிளாக்கர் ஐயா, பேங்க் காசு என்னாச்சு?"

முதலில் அவன் ஒரு வழி சொன்னான். அட்டைக் கடனைச் சாதாரண லோனாக மாற்றிக்கொள்ளலாம், ஸ்டாஃபில் இரண்டு பேர் பிணை கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். சிவலிங்கம் மறுத்துவிட்டார். "நான் செத்தா அவங்க சம்பளத்துல கழியும்" என்றாராம்.

அதற்குப் பிறகு குமார் பொலிஸைப் பற்றிப் பேசினான். அவன் சொன்ன வார்த்தைகளை மனோன்மணி அப்படியே சொன்னார். "இந்தக் காலத்துல தமிழ் ஆளை பொலிஸ் கூட்டிட்டுப் போனா எப்ப திரும்பி வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும்தானே ஐயா. நான் சொல்லணுமா?"

கடனைக் கட்ட முடியவில்லை என்பதற்காகப் பொலிஸ் வருவதில்லை. காசோலை கொடுத்து அது திரும்பினால் கதை வேறு, இவர் காசோலையே கொடுக்கவில்லை. அது குமாருக்கும் தெரியும். அந்த வருடங்களில் பொலிஸ் என்ற சொல் ஒரு தமிழ் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதும் அவனுக்குத் தெரியும். போர்க்கால அச்சத்தை வட்டி வசூலிக்கப் பயன்படுத்தினார்கள். இதை நான் அப்போதும் என் பழைய பத்திரிகைக்கு எழுதினேன், இப்போதும் சொல்கிறேன். எழுதியது அச்சாகவில்லை. அந்த வங்கி அரைப்பக்க விளம்பரம் கொடுக்கிற வங்கி.

பயந்துபோன சிவலிங்கத்திடம் குமார் இன்னொரு வழியைச் சொன்னான்.

"ஆளைப் பிணை வைக்க மாட்டேங்கிறீங்க. ஹரி, பரவால்ல. அப்ப சாமியைப் பிணை வைங்க."

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவரைக் கூட்டிப் போனான். பூசாரி விளக்குப் போட வந்திருந்தார். உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, கேட்ட தொகையை ஒரு சதமும் குறையாமல் கட்டுவேன் என்று சிவலிங்கம் சொல்லி, கையை மூடி நெருப்பை அணைத்தார். அந்த மலையில் அதற்கு மேலே ஒரு கோர்ட் கிடையாது. அன்று மாலையே பாக்குவெட்டியை எடுத்தார்.

நான் வங்கிக்குப் போனேன். இரத்தினபுரிக் கிளை கொழும்புக் கடனட்டைப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே ஓர் அதிகாரி, நல்ல சிங்களத்தில், நல்ல பண்போடு பேசினார். வைத்தியச் சான்றிதழ்களைப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றார். வட்டி நிற்கும், தாமதக் கட்டணம் தள்ளுபடி, ஆஸ்பத்திரிக்குப் போன தொகையில் கட்டியது போக மிச்சத்தைச் சிறு தவணையில் கட்டலாம். மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும்.

"இப்படி ஒன்று இருப்பதை அவருக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அவர் கேட்கவில்லையே, மிஸ்."

இந்தப் பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கும் சொல்வார்கள். ஏற்பாடு இருக்கும், கதவு இருக்கும், கதவு இருக்கிறது என்று தெரிந்தவன் வந்து தட்டினால் திறப்பார்கள். வசூலுக்கு மட்டும் மலையேறி ஃபெக்டரி வாசல் வரை ஆள் வரும்.

கற்பூரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அது மத விஷயம். எங்கள் பக்கம் அப்படி எதுவும் பதிவாகவில்லை. கம்பனியிடம் கேளுங்கள்." கம்பனியிடம் கேட்டேன். அப்படி யாரையும் தோட்டத்துக்கு அனுப்பவில்லை என்றார்கள். குமார் வாங்கிய காசு மட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது.

ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஸ்டாஃப் குவாட்டர்ஸ் முன்னறையில் சிவலிங்கம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒரு சதமும் குறையாமன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் மிஸ். குறைச்சுக் கட்டுறேன்னு எப்படிக் கையெழுத்து வைக்கிறது?"

"பயமுறுத்தி வாங்கின சத்தியம் செல்லாது ஐயா."

"பேங்க்குக்குச் செல்லாது. அம்மனுக்கு?"

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? இது மூடநம்பிக்கை என்று சொல்லலாம். சொன்னால் அவர் தலையாட்டுவார், உள்ளே போய் பாக்குவெட்டியை எடுப்பார். மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த மாத்திரை அட்டையில் பாதி பாதியாக நறுக்கிய துண்டுகளைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மறுபடி கேள்வி கேட்டேன். யார் கற்பூரம் வைத்தார், எந்த வார்த்தை, பக்கத்தில் யார்.

"குமார் எங்கே நின்னான்?"

"வாசல்ல. சப்பாத்தைக் கழட்டல, அதனால உள்ள வரல."

"அவன் எதுவும் சொல்லிச் சத்தியம் பண்ணல?"

அடுப்படியிலிருந்து மனோன்மணி வந்துவிட்டார். கையில் கரண்டி.

"அதானே! கேக்கிறவனும்ல அணைக்கணும்! போன வருசம் கோழி களவுபோனப்ப, எடுக்கலைன்னு ஒருத்தி அணைச்சா, என் கோழிதான்னு கேட்டவளும் அணைச்சாளே. ஒரு பக்கம் மட்டும் அணைக்கிறது எந்த ஊரு முறை?"

"அது கோழி, மனோ," என்றார் சிவலிங்கம்.

"கோழிக்கே ரெண்டு கை. உங்க உசுருக்கு ஒரு கையா? சாமி பிணை நின்னுச்சுன்னா சாமியும் கணக்குக் கேக்கும்ல?"

 அவர் இப்போது தலையாட்டவில்லை. அவர் அன்று முதல்தடவையாக யோசிப்பதைப் பார்த்தேன்.

குமாரையும் கோயிலுக்கு வரவழைத்துக் கற்பூரம் அணைக்கச் சொல்வது என்று மனோன்மணி முடிவுகட்டினார். கோயில் காரியங்களில் தலையிடக் கூடாது என்பது நம் நிலையத்தின் விதி. நல்ல விதி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அதை மனோன்மணியிடம் தனியாகச் சொன்னேன். குமார் வந்து சட்டென்று அணைத்துவிட்டால்? பொய்ச் சத்தியம் பண்ணக் கூசாத ஆட்களை நான் நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் சிவலிங்கத்தை அதற்கப்புறம் யாராலும் அசைக்க முடியாது.

"அணைச்சா அணைக்கட்டும் மிஸ். இருக்கிற நகையையெல்லாம் வித்து நானே கட்டுறேன். ஆனா அவன் கை நடுங்குதா இல்லையான்னு நான் பார்க்கணும்."

முடிவு அவர்களுடையது, கூட்டிவந்ததாக யாரும் சொல்லும்படி நான் நடக்க மாட்டேன், வாசலுக்கு வெளியே நிற்பேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றேன். அப்படியே செய்தேன். சரியா தவறா என்று இன்றைக்கும் என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். ஒரு மனிதர் எந்த முடிச்சில் மாட்டியிருக்கிறாரோ அந்த முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும். பக்கத்தில் கிடக்கிற கயிற்றைச் சட்டப்படி வெட்டிப் பயனில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசை. காசு தருவதாக மனோன்மணி சொல்லியனுப்பியிருந்தார், குமார் நேரத்துக்கு வந்துவிட்டான். மினுங்கும் சப்பாத்து, இடுப்பில் ஃபோன். பால் வெட்டுகிற ஆட்கள் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வந்திருந்தார்கள். வாளியோடு நின்று அவன் சத்தத்தைக் கேட்ட அதே ஆட்கள்.

"என்னா அக்கா, காசு ரெடியா?"

"ரெடி தம்பி. சப்பாத்தைக் கழட்டிட்டு உள்ள வாங்க. சாமி முன்னால தாறேன்."

அவன் குனிந்து ஒரு சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தான். மனோன்மணி ஒரு கற்பூரக் கட்டியை நீட்டினார்.

"இதென்னா?"

"நீங்கதானே சாமியைப் பிணை வச்சீங்க. அவரு கட்டுறேன்னு அணைச்சாரு. நீங்க, இந்தக் காசு பூரா அவரு வாங்கினதுதான், இதுல அநியாயக் காசு ஒரு சதமும் இல்லன்னு அணைங்க. உடனே எண்ணித் தாறேன்."

குமார் சிரித்தான். கூட யாரும் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, நான் பேங்க் ஆள் இல்ல. கம்பனி ஆள். கணக்கு பேங்க்குடையது. அதுல என்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாத கணக்குக்கா என் புருஷன் கையைச் சுட்ட?"

மரியாதை போய்விட்டது. வரிசையில் நின்ற ஒரு கிழவர், சிங்களத்தில் ஐயா போட்டு, "அணைங்க மஹத்தயா, பயப்படாதீங்க, கொஞ்சந்தான் சுடும்" என்றார். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். குமார் கற்பூரத்தைப் பார்த்தான், உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தான். அவனும் அந்த மலையில் பிறந்தவன். அவன் கை நடுங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது, அவன் கையை நீட்டவே இல்லை. அவிழ்த்த கயிற்றைக் கட்டாமலே மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான். போகும்போது என்னைத் தாண்டினான்.

"நான் இல்லாட்டி இன்னொருத்தன் வருவான் மிஸ்," என்றான் மெதுவாக.

அது உண்மை. அவன்மேல் இருந்த கோபத்தில் பாதியை நான் அன்றே அவன் முதலாளிகளின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

பூசாரி சிவலிங்கத்தை முன்னால் கூப்பிட்டு, கேட்டவன் அணைக்காத சத்தியம் நிற்காது என்று சொல்லித் திருநீறு பூசினார். சிவலிங்கம் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் மனோன்மணி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே முழு மாத்திரை ஒன்று. கோயில் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, கற்பூரம் சுட்ட அதே கையால், அவர் அதை விழுங்கினார்.

திங்கட்கிழமை கொழும்பில் கையெழுத்து வைத்தோம். அதே அதிகாரி, அதே பண்பு. முறைப்பாடு ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லி, குமார் சொன்ன பொலிஸ் வார்த்தைகளை அப்படியே சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஞாபகப்படுத்தினேன். அதற்கும் வரவில்லை. நீங்களும் எழுதுங்கள், வராது என்று தெரிந்தே எழுதுங்கள். ஒருநாள் யாராவது 'எதுவும் பதிவாகவில்லை' என்று சொல்லும்போது நம் கையில் பிரதி இருக்க வேண்டும்.

சிவலிங்கம் தவணைகளைக் கட்டி முடித்தார். போர் முடிந்த வருடம் ஒருநாள் மனோன்மணி எனக்கு ஃபோன் எடுத்தார். வேறொரு வங்கியிலிருந்து ஒரு பிள்ளை குடை பிடித்துக்கொண்டு மலையேறி வந்ததாம். ஐயாவின் சம்பளத்துக்கு ஒரு அட்டை தரலாம், முதல் வருடம் கட்டணமே இல்லை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில்கூடக் கொடுக்கலாம் என்றதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாவம், வேர்த்து விறுவிறுத்து வந்திருந்துச்சு மிஸ். உட்கார வச்சு டீ குடுத்தேன். குடிச்சு முடிச்சதும் சொன்னேன், இரும்மா, கற்பூரம் எடுத்துட்டு வாறேன், முதல்ல நீ அணைன்னு."